மூன்று நண்பர்களும் ஒரு கீபோர்டும்: 'ஆர்ட் ஆஃப் த ஸ்கோர்' பாட்காஸ்ட்

திரைப்படப் பின்னணி இசையைப் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம்; ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் இரண்டாவது வாக்கியத்திலேயே நின்றுவிடுகிறது. பாட்டென்றால் பேசுவதற்குப் பிடிமானங்கள் உண்டு: வரிகள், ராகம், பாடியவரின் குரல், இடையிசையில் வந்த வயலின். பின்னணி இசையோ காட்சியோடு வந்து காட்சியோடு கரைந்துபோவதால், "மெய் சிலிர்த்தது", "படத்தையே தூக்கி நிறுத்திவிட்டார்" என்று சொன்னபின் மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரிவதில்லை. எதனால் சிலிர்த்தது, எந்தக் கருவி எந்த நொடியில் நுழைந்தது, முன்பே கேட்ட எந்த மெட்டு அங்கே உருமாறி வந்தது என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இருக்காது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்தைச் சேர்ந்த மூன்று நண்பர்கள் 2016இல் தொடங்கிய 'ஆர்ட் ஆஃப் த ஸ்கோர்' என்னும் ஆங்கில பாட்காஸ்ட், இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடும் காதை நமக்குக் கொடுக்கிறது. திரையிசையில் ஈடுபாடு உள்ள தமிழர்கள் இதன் ஒரு பகுதியையாவது கேட்க வேண்டும் என்ற விருப்பத்தில்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

மூவரும் திரையிசையோடு வெவ்வேறு விதங்களில் தொழில் தொடர்பு உடையவர்கள். ஆண்ட்ரூ போக்சன், மெல்பர்ன் சிம்பொனி இசைக்குழுவில் திரையிசைக் கச்சேரிகள் போன்ற சிறப்பு நிகழ்ச்சிகளை ஒருங்கிணைத்தவர். டான் கோல்டிங் பல்கலைக்கழக ஆசிரியர். ஊடகங்களைப் பற்றி ஆராய்ந்து எழுதுபவர். ஆஸ்திரேலிய அரசு வானொலியில் திரையிசை நிகழ்ச்சியை வழங்கியவர். 2019இல் வெளிவந்து உலகெங்கும் புகழ்பெற்ற 'அன்டைட்டில்டு கூஸ் கேம்' என்னும் கணினி விளையாட்டுக்கு, பிரெஞ்சு இசைமேதை டெபுஸ்ஸியின் பியானோ இசையைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஆடுபவரின் ஒவ்வோர் அசைவுக்கும் ஏற்ப அவை ஒலிக்கும்படி அமைத்தவரும் அவரே. நிக்கோலஸ் பக் இசையமைப்பாளர், இசைக்குழு நடத்துநர். படத்தைப் பெரிய திரையில் ஓடவிட்டு, வசனத்தையும் ஒலிகளையும் வைத்துக்கொண்டு, இசையை மட்டும் மேடையில் நேரடியாக வாசிக்கும் கச்சேரிகளைத் தொடர்ந்து நடத்திவருபவர் அவர்.

இந்த மூன்றாவது தகுதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாட்காஸ்டின் பலம் பெருமளவு அதிலிருந்தே வருகிறது. அத்தகைய கச்சேரியை நடத்துபவருக்கு முன்னால் சிறிய திரை ஒன்று இருக்கும். அதில் படத்தின் மீது செங்குத்தான கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகர்ந்து வரும். அது விளிம்பைத் தொடும் கணத்தில் ஒளிப்புள்ளி ஒன்று பளிச்சிடும். அந்தப் பளிச்சிடலில்தான் குறிப்பிட்ட தாளம் விழ வேண்டும். நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் படத்தில், கதவு திறக்கும் சட்டகத்துக்கும் எக்காளம் எழும் சட்டகத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விடப்பட்டிருக்கிறது என்பதைக் கையால் உணர்ந்தவர் ஒருவர், அந்த இடைவெளி ஏன் விடப்பட்டது என்று பேசும்போது, விமரிசகரின் ஊகத்துக்கும் அதற்கும் வேறுபாடு தெரிகிறது. நம் ஊரில் ரீரெக்கார்டிங் கூடத்தில் உட்கார்ந்த வயலின் கலைஞர்களும் தபேலா கலைஞர்களும் இதே போன்ற அறிவைத் தங்களுக்குள் வைத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அவர்களைப் பேசவைக்க ஆள் இல்லை.

பாட்காஸ்டின் வடிவம் எளியது. ஒரு படத்தின் இசையை எடுத்துக்கொள்கிறார்கள். இசையமைப்பாளரின் பின்புலம், படம் உருவான சூழல் ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, முக்கியமான தீம்களை (ஒரு பாத்திரத்துக்கோ பொருளுக்கோ உரியதாகத் திரும்பத் திரும்ப வரும் இசைக்கருக்களை) ஒவ்வொன்றாக எடுத்து, பதிவின் துணுக்கை ஒலிக்கவிட்டு, பிறகு அதைக் கீபோர்டில் பிரித்துக் காட்டுகிறார்கள். எண்பது, தொண்ணூறு பேர் வாசித்த இசையிலிருந்து மெட்டை மட்டும் ஒற்றை விரலில் கேட்கும்போதும், பின்னர் அதன் அடியிலிருந்த கார்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை, சேர்த்துக் கேட்கும்போதும், மறுபடி முழு இசைக்குழுவோடு கேட்கும்போதும், அதே இசை மூன்று முறை புதிதாகக் காதில் விழுகிறது. இசைக் குறியீடு படிக்கத் தெரியாதவர்களுக்குக் கூட இது புரிகிறது. சொல்லப்படுவது உடனே கேட்கப்பட்டுவிடுகிறது.

நண்பர்கள் பேசிக்கொள்வது என்பதால் கிடைக்கும் நன்மையும் ஒன்று உண்டு. இசையமைப்பாளரையே அழைத்து நேர்காணும் பாட்காஸ்ட்கள் பல இருக்கின்றன; அவற்றில் புதிய படத்தின் விளம்பரத்துக்காக வந்தவர், இயக்குநரோடு பணியாற்றியது மகிழ்ச்சி என்று சொல்லிவிட்டு, நாம் கேட்க விரும்பும் இடத்தைத் தொடாமலே விடைபெற்றுவிடுவதைப் பார்க்கிறோம். கேட்பவருக்கும் குறுக்கிட்டு மறுக்க வாய்ப்பு இல்லை. இங்கே நிலைமை வேறு. ஒருவர் தொழில்நுட்பச் சொல் ஒன்றைச் சொன்னால் இன்னொருவர் அதை விளக்கச் சொல்லி நிறுத்துகிறார். ஒருவருக்குப் பிடித்த இடம் மற்றவருக்குச் சாதாரணமாகத் தெரிந்தால் அதை அவர் மறைப்பதில்லை. நீண்ட நாள் பழக்கம் உள்ளவர்களுக்குள் மட்டுமே வரும் இந்தத் தயக்கமின்மை, கேட்பவரையும் நான்காவது ஆளாக உட்காரவைக்கிறது. நடுவே படத்தைப் பற்றிய வேடிக்கைப் பேச்சும் உண்டு. அது சில இடங்களில் நீண்டாலும், இசைக்குத் திரும்பும்போது கவனம் சிதறியிருப்பதில்லை.

முதல் பகுதிக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது ஜான் வில்லியம்ஸ் இசையமைத்த 'ரைடர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' (1981). எல்லோருக்கும் தெரிந்த அந்த வீரநடை மெட்டு பிறந்த கதை திரையிசை ஆர்வலர்களிடையே புகழ்பெற்றது: வில்லியம்ஸ் இரண்டு மெட்டுகளை எழுதி இயக்குநர் ஸ்பீல்பெர்க்கிடம் வாசித்துக் காட்டி எது வேண்டும் என்று கேட்க, அவருக்கு இரண்டுமே பிடித்துப்போய் இரண்டையும் சேர்த்துவிடச் சொன்னார். ஒன்று பல்லவி போலவும் மற்றொன்று அதற்கு இடையில் வரும் சரணம் போலவும் அமைந்த இசைதான் இன்று நாம் கேட்பது. இந்தச் செய்தியைத் தெரிந்துகொண்டு மெட்டைக் கேட்டால், இரண்டு பகுதிகளும் தனித்தனியே நிமிர்ந்து நிற்கும் ஆற்றல் உடையவை என்பது விளங்கும். ஒன்று மற்றொன்றுக்குத் துணையாக எழுதப்பட்டது போலவே தோன்றாது.

ஆனால் அந்தப் படத்தில் என்னை அதிகம் ஆட்கொண்டது பேழைக்கான தீம். பைபிளில் வரும் உடன்படிக்கைப் பேழை திரையில் வரும்போதும், அதைப் பற்றிய பேச்சு எழும்போதும் ஒலிக்கும் அந்த இசையின் அடியில் இருப்பது, ஒன்றுக்கொன்று ஆறு அரைச்சுரம் தள்ளி நிற்கும் இரண்டு மைனர் கார்டுகளின் ஊசலாட்டம். வீட்டில் கீபோர்டு இருப்பவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். சி மைனரைப் பிடியுங்கள். பிறகு கையை எடுத்து எஃப் ஷார்ப் மைனருக்குப் போங்கள். திரும்பவும் சி மைனருக்கு வாருங்கள். இரண்டு கார்டுகளுக்கும் பொதுவான சுரம் ஒன்றுகூட இல்லாததால், ஒரு விரலைக்கூட இருந்த இடத்தில் வைத்துக்கொள்ள முடியாது. மூன்று விரல்களும் இடம்பெயர வேண்டும். நம் கணக்கில் சொன்னால் ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்யமத்துக்கு ஆதார சுருதியே நகர்ந்துவிட்டுத் திரும்பி வருகிறது. காலடியில் தரை இல்லாத அந்த உணர்வுதான் பேழையைத் தொடக் கூடாத பொருளாக்குகிறது. மெட்டு என்று சொல்லும்படி அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. மெட்டை மட்டுமே தேடிப் பழகிய நமக்கு, இரண்டு கார்டுகளின் உறவே ஒரு பாத்திரமாகலாம் என்பது நல்ல பாடம்.

'ஸ்டார் வார்ஸ்' (1977) பற்றிப் பேசாமல் இத்தகைய பாட்காஸ்ட் நிறைவு பெறாது. அவர்களும் அதற்கு நிறையவே நேரம் ஒதுக்குகிறார்கள். கோல்டிங் அந்தப் படவரிசையைப் பற்றித் தனிநூலே எழுதியவர். இரட்டைச் சூரியன்கள் மறைவதை இளைஞன் ஒருவன் நின்று பார்க்கும் காட்சிக்கு வில்லியம்ஸ் முதலில் எழுதிய இசை வேறு. இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் மாற்றம் கேட்டபின் எழுதியதுதான் இப்போது படத்தில் இருப்பது: பிரெஞ்சு ஹார்ன் தனியாகத் தொடங்க, தந்திக் கருவிகள் அதை வாங்கிக்கொண்டு மேலே செல்லும் அந்தச் சில நொடிகள். முதல் வடிவமும் பின்னாளில் குறுந்தகட்டில் வெளிவந்துவிட்டதால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க முடிகிறது. ஒரே காட்சி, ஒரே இசையமைப்பாளர், ஒரே இசைக்குழு. ஆனால் ஒன்றில் அவன் மனக்கொந்தளிப்பு கேட்கிறது, மற்றொன்றில் அவனுக்கு இன்னும் தெரியாத அவனுடைய விதி கேட்கிறது. இயக்குநரின் ஒரு மறுப்பு எவ்வளவு பயனுள்ளதாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அதே படத்தோடு சேர்ந்து எழும் மற்றொரு பொருள், டெம்ப் டிராக். படத்தொகுப்பின்போது, இசை தயாராகும் முன், ஏற்கெனவே இருக்கும் இசை எதையாவது தற்காலிகமாக வைத்துப் பார்ப்பார்கள்; இயக்குநரின் காது அதற்குப் பழகிவிட்டால், பின்னர் வரும் இசையமைப்பாளரிடம் "இதே மாதிரி வேண்டும்" என்று கேட்பார். 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கும் ஆங்கிலேயச் செவ்வியல் இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட்டின் இசை உள்ளிட்டவை அவ்வாறு வைக்கப்பட்டிருந்தன. சில இடங்களில் அந்தச் சாயல் இன்றும் கேட்கிறது. 1968இல் ஸ்டான்லி குப்ரிக், '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக்காக இசையமைப்பாளர் அலெக்ஸ் நார்த் எழுதிப் பதிவும் செய்த இசையை ஒதுக்கிவிட்டு, தற்காலிகமாக வைத்த செவ்வியல் இசையையே நிரந்தரமாக்கிவிட்டார். இன்றைய ஹாலிவுட் இசை எல்லாம் ஒரே மாதிரி ஒலிப்பதற்கு டெம்ப் டிராக்தான் காரணம் என்று வாதிட்ட காணொளி ஒன்று 2016இல் பரவலாகப் பேசப்பட்டபோது, கோல்டிங் அதற்கு மறுமொழியாக ஒரு காணொளிக் கட்டுரை வெளியிட்டார். டெம்ப் டிராக் புதிதல்ல, மாறியிருப்பது கணினியும் இசையை உருவாக்கும் முறையும்தான் என்பது அவர் வாதம். பாட்காஸ்டில் அவர் பேசும் போக்கைப் புரிந்துகொள்ள அந்தக் காணொளியையும் பார்ப்பது நல்லது. ஒரு படத்தின் இசை இன்னொன்றை நினைவூட்டினால் உடனே "காப்பி" என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கம் நம்மிடம் வலுவாக இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்ததோடு நிற்காமல், வந்ததை வைத்து இவர் என்ன செய்தார் என்று இவர்கள் அடுத்த கேள்வியையும் கேட்கிறார்கள். அந்த ஒரு பழக்கத்துக்காகவே இவர்களிடம் எனக்கு மதிப்பு உண்டு.

என் கணிப்பில் இந்தப் பாட்காஸ்டின் உச்சம் ஹோவர்ட் ஷோர் இசையமைத்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' பற்றிய பகுதிகள். பல பாகங்களாக நீளும் உரையாடல் அது. நீண்டாலும் ஒரு நிமிடம்கூட மிகையாகத் தோன்றவில்லை, ஏனென்றால் பொருளின் அளவு அப்படி. நாடுகளுக்கும் இனங்களுக்கும் பொருள்களுக்குமாக எண்பதுக்கும் மேற்பட்ட தீம்கள் அந்த மூன்று படங்களில் பின்னப்பட்டுள்ளன. ஒன்பது பேர் கொண்ட பயணக் குழுவுக்கான தீமை மட்டும் எடுத்துக்கொள்வோம். இருவர் ஊரைவிட்டுக் கிளம்பும்போது அது ஒரு துண்டாக, மெல்லிய ஒலியில் வருகிறது. ஆட்கள் சேரச் சேர மெட்டும் வளர்கிறது. ஒன்பது பேரும் கூடி ரிவெண்டெல் என்னும் ஊரை விட்டுப் புறப்படும்போது முழு இசைக்குழுவில் நிமிர்ந்து ஒலிக்கிறது. பின்னர் மோரியாச் சுரங்கத்தில் குழுவை வழிநடத்தும் மந்திரவாதி காண்டால்ஃப் வீழ்ந்ததும் அது முன்போல் நிமிர்வதில்லை. குழு சிதறும்போது மெட்டும் சிதறுகிறது. படத்தைப் பலமுறை பார்த்தவர்களுக்கும் இது தெரியாமல் போயிருக்கலாம். ஆனால் குழு பிரியும் காட்சியில் தொண்டை அடைத்ததற்கு இது ஒரு காரணம் என்பதைக் கேட்டபின் ஒப்புக்கொள்வார்கள்.

ஐசன்கார்டு என்னும் தீய கோட்டைக்கான இசை ஐந்தெண்ணிக்கையில் நடக்கிறது. இரும்பைத் தட்டும் ஒலியும் சங்கிலி ஒலியும் கலந்த தாளத்தின் மீது பித்தளைக் கருவிகள் ஏறி வருகின்றன. கண்டச்சாபுவைக் கேட்டு வளர்ந்த நமக்கு ஐந்து அந்நியமான எண்ணிக்கை இல்லை. "தக தகிட" என்று தொடையில் தட்டிக்கொண்டே எத்தனையோ கீர்த்தனைகளைக் கேட்டிருக்கிறோம். படை நடைக்கு நான்கையே எதிர்பார்க்கும் மேற்கத்தியக் காதுக்கு, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு மிகுந்து வருவது, நிற்காமல் முன்னே தள்ளும் இயந்திரத்தின் உணர்வைத் தருகிறது. ஒரே ஐந்து, கேட்கும் காதைப் பொறுத்து இரண்டு வேறு பொருள் கொள்கிறது. இவர்களின் உரையாடலைக் கேட்டுக்கொண்டே கையால் தாளம் போட்டுப் பார்த்தபோது, அந்த இசையின் நோக்கம் எனக்கு முதன்முறையாகப் புரிந்தது.

இங்கேதான் எனக்கு ஒரு குறையும் தோன்றியது. மோர்டோர் என்னும் இருள் நாட்டின் தீமைக்கு ஷோர் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று ரைட்டா. வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, இரட்டை நாணல் வைத்து ஊதும் கருவி. சீவாளி வைத்து ஊதும் நம் நாதசுரத்துக்கு உறவு முறை. மேற்கத்தியக் கேட்பவருக்கு அந்தக் கூரிய ஒலி அச்சமூட்டுகிறது. கல்யாண வீட்டு வாசலிலும் கோயில் பிராகாரத்திலும் அத்தகைய ஒலியை மங்கலமாகக் கேட்டுப் பழகியவருக்கு அதே ஒலி வேறு எதையோ கிளறுகிறது. ஷோர் கிழக்கத்திய ஒலிகளைத் தீமைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டார் என்று சொல்வதும் நியாயமாகாது. எல்ஃப் என்னும் இனத்தாரின் புனிதக் காடான லோத்லோரியனுக்கும் அவர் சாரங்கியையும் அரபு இசையின் ஹிஜாஸ் சுரங்களையும் எடுத்திருக்கிறார்; அந்தச் சுரங்கள் நம் மாயாமாளவகௌளையின் முன்பாதியோடு அப்படியே ஒத்துப்போகின்றன, சங்கீதம் கற்கும் குழந்தை முதல் நாள் பாடும் சுரங்கள் அவை. அச்சமும் புனிதமும் ஆகிய இரண்டுக்கும் கிழக்கு, சொந்த ஊரின் நிம்மதிக்கு அயர்லாந்துச் சாயல் கொண்ட குழலும் பிடிலும் என்ற இந்தப் பங்கீட்டைப் பற்றி எவ்வளவோ பேசலாம். மூவரின் காதும் மேற்கத்திய இசைக்குழுவில் பழகிய காது. வேறு மரபில் வளர்ந்த ஒருவர் நான்காவதாக அந்த மேசையில் இருந்திருந்தால், ஏற்கெனவே செறிவான அந்த உரையாடல் இன்னும் ஆழப்பட்டிருக்கும்.

பாட்காஸ்டைக் கேட்டதன் பயன், கேட்காத படங்களுக்கும் நீள்கிறது என்பதே இதன் பெரிய வெற்றி. 'ஜாஸ்' (1975) படத்தின் இரண்டு சுர மெட்டு உலகம் முழுவதும் தெரிந்தது. அது எங்கே ஒலிக்கிறது என்பதைவிட எங்கே ஒலிக்கவில்லை என்று கவனித்துப் பாருங்கள். இரண்டு சிறுவர்கள் அட்டையால் செய்த போலிச் சுறாத் துடுப்பை வைத்துக்கொண்டு கடற்கரையில் பீதி கிளப்பும் காட்சியில் அந்த இசை வருவதில்லை; சுறா அங்கே இல்லை என்பதை இசை நமக்கு நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. அவ்வாறு நம்பிக்கையைச் சம்பாதித்தபின், பின்னால் ஒரு காட்சியில், இசையின் எச்சரிக்கை ஏதும் இல்லாமல் சுறா திடீரென்று தலை நீட்டும்போது, நாற்காலியிலிருந்து தூக்கிவாரிப் போடுகிறது. அதேபோல், ஹாலிவுட் படங்களில் பறப்பதற்கும் வியப்பதற்கும் எழுதப்பட்ட பல மெட்டுகளில் நான்காம் சுரம் அரைச்சுரம் உயர்ந்து நிற்பதைக் கவனிக்கத் தொடங்கினேன். அங்கே அதை லிடியன் என்கிறார்கள். சுரவரிசை மட்டும் பார்த்தால் அது நம் கல்யாணி. ராகமாக அது கல்யாணி ஆகிவிடாது. கமகமும் சஞ்சாரமும் வேறு. ஆனால் அந்தப் பிரதி மத்யமம் மனத்தை மேல்நோக்கி இழுப்பதை இரண்டு மரபினரும் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

இவற்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது தமிழ்க் காதுக்கு இளையராஜா நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 'தளபதி' (1991) படத்தில் 'சின்னத்தாயவள்' பாடலின் மெட்டு, பாடல் முடிந்தபின்னும் படம் முழுவதும் தாய்க்கும் அவள் ரயிலில் விட்டுச்சென்ற மகனுக்கும் இடையிலான இழையாகத் திரும்பத் திரும்ப வருகிறது. எந்தக் கருவியில் வருகிறது, எவ்வளவு நீளம் வருகிறது, எங்கே பாதியில் நிற்கிறது என்று மட்டும் எடுத்து மூன்று பேர் உட்கார்ந்தால் ஒரு முழுப் பகுதிக்கும் போதும். அப்படிப்பட்ட பேச்சுக்குத் தேவையான பொருள் நம்மிடம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை என்பதுதான் வருத்தம். ஷோரின் மூன்று படங்களின் முழுமையான இசைப்பதிவுகளும் 2005 முதல் 2007 வரை அடுத்தடுத்து வெளிவந்தன. அந்த இசையை விளக்கும் தனிநூல் 2010இல் வந்தது. வில்லியம்ஸின் இசைக் குறியீடுகள் அச்சில் கிடைக்கின்றன. நம்மிடமோ பெரும்பாலும் பாடல்களே கேசட்டாகவும் குறுந்தகடாகவும் வந்தன. பின்னணி இசையை வசனத்துக்கும் மழைச் சத்தத்துக்கும் நடுவிலிருந்து ரசிகர்கள் வெட்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். தேசியத் திரைப்பட விருதில் பின்னணி இசைக்குத் தனி விருது 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடர்ந்து வழங்கப்படுகிறது. அந்த ஆண்டின் விருது 'பழசிராஜா'வுக்காக இளையராஜாவுக்குக் கிடைத்தது. பின்னர் 'தாரை தப்பட்டை'க்காக மறுபடியும் அவருக்கும், 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்துக்காக ஏ.ஆர். ரகுமானுக்கும் கிடைத்தது. விருது கிடைத்த செய்தி நமக்கு நினைவிருக்கிறது; அந்த இசையில் என்ன இருந்தது என்ற பேச்சு இனிமேல்தான் தொடங்க வேண்டும்.

குறைகள் இன்னும் சிலவற்றையும் சொல்லிவிட வேண்டும். பகுதிகள் ஒரு மணி நேரத்தைத் தாண்டி நீள்பவை. வேலைக்கு நடுவே துண்டு துண்டாகக் கேட்டால் தீம்களின் தொடர்ச்சி அறுந்துவிடும். புதிய பகுதிகள் சீரான இடைவெளியில் வருவதில்லை. தேர்வு பெரும்பாலும் ஹாலிவுட்டின் பெரிய இசைக்குழு மரபையே சுற்றி வருகிறது. ஜப்பானிய, இத்தாலிய, இந்தியத் திரையிசையை இதே கவனத்தோடு இவர்கள் அணுகினால் எப்படி இருக்கும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு. ஆஸ்திரேலிய உச்சரிப்பும் மூவரும் ஒருவர் மீது ஒருவர் பேசிக்கொள்ளும் வேகமும் தொடக்கத்தில் சிலருக்குச் சிரமமாக இருக்கலாம். குரல்களைப் பிரித்தறியும் வரைதான் அந்தச் சிரமம்.

பாட்காஸ்ட் செயலிகளில் இலவசமாகவே கிடைக்கிறது. புதிதாகக் கேட்பவர்கள் 'ரைடர்ஸ்' பகுதியில் தொடங்கலாம். படம் எளியது, தீம்கள் குறைவு, பேசும் முறையும் பழகிவிடும். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' பகுதிகளுக்குப் போகும் முன் முதல் படத்தை ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம். பார்த்த நினைவு மங்குவதற்குள் கேட்டால்தான் அவர்கள் குறிப்பிடும் காட்சி கண்முன் வரும். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டாம்: பேசுவது கேட்கும், ஆனால் ஷோரின் ஐந்தெண்ணிக்கைக்கு அடியில் உறுமும் டிரம்களும் வில்லியம்ஸின் கார்டுகளைத் தாங்கும் செல்லோக்களும் அதில் காணாமல் போய்விடும். சுமாரான ஹெட்போன் ஒன்று இருந்தாலே போதும்.